ஜெயலட்சுமியும் தத்துப்பூச்சியும்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பெங்களூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வலைக்குடில்களுக்கு நான் மேற்பார்வையாளன். அங்கே பதினொரு வருடமாகத் தினக்கூலிக்குக் கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் ஜெயலட்சுமி. தர்மபுரிக்காரர், பொம்மசந்திராவிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு செடியை வாட விட்டவர் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில்தான் அவர் பெயர் வேலை நிரந்தரமாக்கும் பட்டியலுக்குப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து வம்பு வந்தது. ஒரு குடிலில் தத்துப்பூச்சிகளை விட்டிருந்தோம். அவை இலையைக் குத்திச் சாறு உறிஞ்சும். செடியும் லேசுப்பட்டதல்ல, பூச்சிக்கு ஆகாத ரசாயனத்தை இலையில் ஏற்றிக்கொள்ளும். பூச்சியே இல்லாத பக்கத்துக் குடிலிலும் செடிகள் அதே ரசாயனத்தை ஏற்றியிருந்தன. மூன்று தடவை.

இந்த அம்மாதான் சேலையில் பூச்சியைச் சுமந்து வருகிறார் என்று முடிவுகட்டினேன். வலைக்கு வெளியே ஒளிந்து நின்று வேவு பார்த்தேன். சாப்பாட்டுப் பையைக்கூடத் துழாவினேன், வெட்கக்கேடு. ஒரு பூச்சியும் சிக்கவில்லை. இருந்தும், அவர்மேல் கவனக்குறைவு என்று அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.

மறுவாரம் விஞ்ஞானி மமதா மேடம் பூச்சியில்லாத குடிலுக்குள் வந்தவர், மூக்கை உறிஞ்சிவிட்டு ஜெயலட்சுமியின் கொண்டையையே பார்த்தார். ஜாதிமல்லி. பூச்சிக் குடிலுக்கு ஜெயலட்சுமி தலையை மூடிக்கொண்டு போவார். இங்கே பூவோடு காலை முழுக்க நிற்பார். கடிபட்ட செடி தனக்குள் எழுப்பும் எச்சரிக்கைப் பொருளே அந்தப் பூவின் வாசனையிலும் இருக்கிறதாம்; அது பட்டே இந்தச் செடிகள் ரசாயனத்தை ஏற்றியிருக்கின்றனவாம். பூவில்லாமல் வேலை பார்க்கச் சொன்னார்கள்; புதுச் செடிகளில் அந்த ரசாயனமே இல்லை.

செண்ட், பவுடர், வாசனை சோப்பு எல்லாம் கூடாதென்று கதவில் பட்டியல் ஒட்டியவன் நான்தான். பூவை யார் செண்ட் கணக்கில் சேர்ப்பார்கள்? என் மனைவியும்தான் தினம் வைக்கிறாள்.

பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினேன். நிரந்தரப் பட்டியல் முந்தின நாளே முடிந்திருந்தது. அவர் பெயரை அடித்திருந்தார்கள். அடுத்த பட்டியல் வருவதற்குள் அவருக்கு வயது கடந்துவிடும்.

ஒரு புகார்க் கடிதத்தால் பெயர் போனதை நானே போய்ச் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"அந்த லெட்டர் எழுதினது மேடமா, நீங்களா சார்?"

மேடம் என்று வாய்வரை வந்தது. "நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார். சொல்றீங்களான்னு பார்த்தேன்."