வெற்றிட அறையில் குங்குமம்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது. எர்ணாவூர் மேம்பாலத்தில் கன்டெய்னர் லாரி ஒரு ஸ்கூட்டரை இடித்துவிட்டது, ஓட்டிவந்த பெண்ணின் பையில் என் எண் இருந்தது என்று ஒரு காவலர் சொன்னார். என் தங்கை ரமாபாய். எண்ணூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் ஆறு மாதமாகப் பாடம் நடத்திவந்தாள். மறுநாள் செய்தித்தாளில் ‘கல்லூரி ஆசிரியை பலி’ என்று போட்டார்கள். அந்த வேலையை அவள் ஒருநாளும் தன் வேலை என்று சொன்னதில்லை.

அவள் வேலை எதிர்ப்பொருள். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் ஏழு ஆண்டு பாசிட்ரான்களைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். எலக்ட்ரானைப் போன்றதுதான், மின்னூட்டம் மட்டும் எதிர். சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து ஒளியாகிவிடும். அதனால் எதையும் தொடாதபடி, காற்றே இல்லாத, குடத்தளவு எஃகு அறைக்குள் காந்தத்தால் தாங்கி நிறுத்த வேண்டும். வியாசர்பாடி வீட்டில் இதை அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினாள். அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: “தொடாம எட்ட வெச்சிகினு கீறதுதான் உன் வேலையா? அத்தத்தான் ஊரே நமக்குப் பண்ணினு கீது. அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் படிப்பு?” ரமா இரண்டு நாள் சிரித்தாள்.

அந்த அறையின் உட்பக்கத்தில் ஒரு விரல் ரேகை பட்டாலும் போதும், அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை மாதக் கணக்கில் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கையுறை இல்லாமல் அவள் அதன் பக்கமே போக மாட்டாள். வீட்டில் தட்டு கழுவினால்கூட விளிம்பைப் பிடித்துத்தான் கழுவுவாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பாகம் மாற்றுவதற்காக அறை திறந்திருந்தபோது ஆயுத பூசை வந்தது. எங்கள் மக்கள் பௌத்தம் தழுவிய நாள் என்று விஜயதசமியன்று நாங்கள் குடும்பத்தோடு புத்த விகாருக்குப் போவோம். அதனால் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். போகும்முன் அறையின் வாயை அலுமினியத் தாளால் மூடிக் கட்டி, ‘திறக்க வேண்டாம்’ என்று சீட்டும் ஒட்டினாள். பூசையில் பம்புகளுக்கும் மின்பலகைக்கும் வழக்கமாகச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்த ஆண்டு அவளுடைய ஆய்வு நெறியாளருக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த புது அறைக்கும் பொட்டு வைக்கும் ஆசை வந்தது. தாளின் மேல் சந்தனம் ஒட்டவில்லை. தாளைப் பிரித்து எஃகு விளிம்பில் வைத்துவிட்டு, திரும்ப மூடிவிட்டார்கள்.

ரமா வந்தாள். பாகத்தை மாற்றி, அறையை இறுக்கி, உள்ளே ஒட்டிய ஈரம் போக ஒரு வாரம் நூற்றைம்பது டிகிரியில் சுட்டாள். அழுத்தம் இறங்கவேயில்லை. எங்கோ கசிவு என்று நினைத்து ஒவ்வொரு மூட்டிலும் ஹீலியம் விட்டுத் தேடினாள், ஐந்து மாதம். இதற்கிடையில் பாசிட்ரான் தரும் கதிரியக்க சோடியம் தன் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அறையைப் பிரித்தபோது விளிம்பின் உள்பக்கம் நகக்கண் அளவில் ஒரு பழுப்புக் கறை. அதைச் சுற்றிக் கருகிய பொடி. படம் எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போனாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, கையுறை போட்டுத்தான் வேலை செய்தாயா என்று கேட்டாராம்.

ஆய்வுக்குழுவின் குறிப்பில் ‘ஆய்வாளரின் கவனக்குறைவு’ என்று ஏறியது. உதவித்தொகை நீடிக்கவில்லை. அதன்பிறகும் சுத்தம் செய்த அறையில் மீண்டும் அளந்து, வேலையை முடித்து ஆய்வேடு எழுதினாள். நான்காம் அத்தியாயத்தில் மாசு எப்படி வந்தது என்று நடந்தபடியே எழுதியிருந்தாள். குழுவின் வாசகத்தை அங்கே போட்டால்தான் கையெழுத்து என்றார் நெறியாளர். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி கடைசி நாள். அதற்குமேல் பதிவே ரத்தாகிவிடும்.

ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டத்தை வாங்கு என்று நானே நாலு தடவை சொன்னேன். கடைசித் தடவை அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

“எழுதினா பட்டம் வரும்ணா. நாளைக்கு நம்ம ஏரியாலேர்ந்து ஒரு பொண்ணு அந்த லேபுக்குப் போவும். ‘இதுங்களுக்கு கிளவுஸ் போடக்கூடத் தெரியாது’ன்னு என் கையெழுத்தையே எட்த்து அது மூஞ்சில காட்டுவாங்க. பரவால்லியா?”

மறுநாள்தான் எர்ணாவூர்.

மூன்றாம் நாள், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் வெள்ளத்துரை வீட்டுக்கு வந்தார். திருவொற்றியூர்க்காரர். செருப்பை வாசலில் விட்டவர் உள்ளே வரத் தயங்கி அங்கேயே நின்றார்.

“நாந்தான் தம்பி பொட்டு வெச்சேன். தாளு மேல நிக்கல. ‘பிரிச்சிட்டு வையிய்யா’ன்னு சார்தான் சொன்னாரு. உன் தங்கச்சிக்கும் தெரியும்.”

“கமிட்டி கேட்டப்போ?”

“ரிட்டயராவ ஆறு மாசந்தான் இருந்திச்சு. பாப்பாவே சொல்லிச்சு, ‘நீ மாட்டிக்காத நைனா, நான் அளவுல காட்டிக்கறேன்’னு.” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “இப்ப வேணா எழுதித் தரேன்.”

யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அம்மா அவரை உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அவராகவே போனார்.

நெறியாளர் மலர்வளையம் அனுப்பியிருந்தார். ‘எங்கள் அருமை மாணவி’ என்று அதில் அச்சடித்த பட்டை. அதை மட்டும் நான் உருவி எடுத்துவிட்டேன்.

இன்று அவள் மடிக்கணினியைத் திறந்தேன். நான்காம் அத்தியாயத்தில் அந்த வரியை அவள் சேர்க்கவில்லை. நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கறையைத் துடைத்தபின் அழுத்தம் நாளுக்கு நாள் இறங்கியதைக் காட்டும் வரைபடத்தைத் திங்கட்கிழமை இரவு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மொத்தம் பதினோரு நாள் அளவுகள். ஒன்பது நாளுக்குப் புள்ளி வைத்திருக்கிறாள். பத்தாம் நாளும் பதினோராம் நாளும் நோட்டில் இருக்கின்றன, படத்தில் ஏறவில்லை.