பெற்றீசியாவின் தொப்பி வில்லைகள்

அம்பிட்டியவில் வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளுக்குத் தைத்துக் கொடுக்கும் தையல்காரியாக இருந்த பெற்றீசியா, 1922இல் பழைய பட்டாளத் தொப்பி ஒன்றைப் பிரிக்கும்போதுதான் தன் முதல் வில்லையைக் கண்டாள். பித்தளையில் ஒரு ஊதுகொம்பு, அதன் மேலே கிரீடம். போன நூற்றாண்டுச் சிப்பாய் யாரோ நெற்றிக்கு மேலே குத்திக்கொண்டு திரிந்தது. அவளுக்கு அதை விட மனம் வரவில்லை.

திகனையில் பழைய பித்தளை வாங்கும் பாரூக் நானாவிடம் சொல்லி வைத்தாள். "பட்டாளத்து வில்லை வந்தா உருக்க அனுப்பிறாதீங்க, நானா." பதிலுக்கு அவர் வீட்டுச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தாள். பத்து வருஷத்தில் நாற்பத்தொரு வில்லைகள் சேர்ந்தன. கறுப்புக் கம்பளித் துணியில் அவற்றை வரிசையாகப் பதித்து, எந்தப் படை, எங்கே கிடைத்தது என்று ஒவ்வொன்றின் கீழும் நூலால் எழுதினாள். மாதா கோயில் வாசலில் பெண்கள், பழைய பித்தளை பொறுக்குகிறாள் என்று சிரித்தார்கள். அவள் நிமிர்ந்தே நடந்தாள்.

1932இல் கண்டியில் பழம்பொருள் கண்காட்சி ஒன்று நடந்தது. பெற்றீசியா துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் போனபோது அதன் கீழே அட்டையில் புசல்லாவைத் துரைசாணி ஒருத்தியின் பெயர் இருந்தது.

"உங்க பேரப் போட்டா களவுச் சாமான்னு நெனப்பாங்க" என்றார் கண்காட்சிக் கிளாக்கர் சுந்தரலிங்கம், குரலைத் தாழ்த்தி.

"யாருகிட்ட களவெடுத்தேன்னு சொல்லுங்க."

பெற்றீசியா துணியைச் சுவரிலிருந்து கழற்றினாள். கண்காட்சியை நடத்திய துரை ஓடிவந்து மறித்தார். வில்லைகள் அவளுடையவைதானா என்று விசாரித்த பிறகுதான் தர முடியும் என்றார். சுந்தரலிங்கம் அதைத் தமிழில் சொன்னார்.

"இப்பவே விசாரிக்கச் சொல்லுங்க."

துரை ஒரு வில்லையைத் தொட்டு, கீழே நூலில் இருக்கும் எண் தப்பு, இது பதினேழாம் படை என்றார்.

"எழுபத்தேழு. மொத ஏழு தேஞ்சு ஒண்ணு மாதிரி ஆயிருச்சு. தடவிப் பாக்கச் சொல்லுங்க."

துரை விரலால் தடவினார். முகம் சிவந்தது. அவள் பெயரையே போடலாம் என்று இறங்கி வந்தார்.

"நேத்தே போட்டிருக்கணும்" என்று துணியைச் சுருட்டிக்கொண்டு அவள் வெளியேறினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துணி அவள் வீட்டு முன்சுவரில் தொங்கியது. பூசை முடிந்த சனம் அப்படியே அங்கே வந்து நின்றது. துரைமார் வீட்டுத் தையல் வேலை அதோடு நின்றுபோனது. அதன் பிறகு அவள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். வில்லை சேர்ப்பதை மட்டும் விடவில்லை.