தெளிஞ்சிடுச்சு

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரமே அவனுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் அவன் மூக்கைப் பார்த்து ஏமாந்து போவார்கள். கண்ணாடி போடுகிற ஆளே இல்லை அவன். மணிக்கொரு தரம் தொட்டித் தண்ணீரை நீளமான கண்ணாடிக் குழாயில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பான். அடியில் போட்ட கறுப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தால், "தெளிஞ்சிடுச்சு!" என்று ஒரு குரல் கொடுப்பான். அதற்குப் பிறகுதான் வால்வைத் திறப்பார்கள்.

சுரங்கம் இன்னும் சுரங்கமாகவே ஆகவில்லை. இப்போதுதான் கீழே இறங்கக் கிணறுபோல் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர். அந்தத் தண்ணீரோடு, பாறைக்குள் தன்பாட்டுக்குக் கிடந்த ஆர்சனிக் என்ற விஷமும் கிளம்பி வந்தது. அதற்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. அதைப் பிடிக்க இரண்டு டிரம் மருந்து. முதல் டிரம் மருந்து விஷத்தைப் பிடிபடுகிற பக்குவத்துக்குக் கொண்டுவரும். இரண்டாவது டிரம்மில் இருக்கிற இரும்புக் கரைசல் அதை அள்ளிக்கொண்டு செங்காவிச் சேறாகத் தொட்டியின் அடியில் படியும். முதல் மருந்து விழாவிட்டாலும் சேறு என்னவோ அழகாகத்தான் படியும். தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், விஷமும் அதிலேயே நிற்கும். இதெல்லாம் அவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். தெரியாது என்று அவன் சொல்லவே முடியாது.

சுத்தம் செய்த தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, அவன் அக்கா குடியிருக்கும் தெருவை ஒட்டி ஓடும். அங்கே எட்டு வீடு, எட்டுக் கிணறு. வாய்க்கால் தண்ணீர் கிணற்றில் ஊறும் என்பதால், 'நாங்கள் சொல்லும்வரை கிணற்று நீரைத் தொடாதீர்கள்' என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டிவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்பியது. லாரி வந்தால் வந்தது, வராவிட்டால் கேட்க ஆளில்லை.

அப்படி வராத ஒரு நாளில்தான் அக்கா போன் செய்தாள். அவன் கையில் கண்ணாடிக் குழாய் இருந்தது.

"ஏண்டா, அந்தத் தண்ணி தெளிஞ்சிடுச்சா இல்லையா? வாயும் வயிறுமா ஒருத்திய வீட்ல வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள்டா நான் குடத்தத் தூக்கிட்டு அலையறது?"

"தெளிஞ்சிடுச்சுக்கா."

"அப்பாடா! நீ அங்க இருக்கறது எவ்ளோ நல்லதாப் போச்சு!"

நான் தொட்டியைத்தானே சொன்னேன் என்று பிற்பாடு தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பேசிப் பார்த்தான். கேஸ் நிற்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்றுதான் அக்கா கேட்கிறாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சுரங்கத்தில் சேர்ந்ததிலிருந்து அந்தத் தெருவே அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்குத்தான் அவனால் அங்கே ஒருத்திக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை, திருத்தாமல் போனை வைத்துவிட்டான். பாவி!

பன்னிரண்டு நாள் கழித்து, தொட்டித் தண்ணீரைப் பற்றிச் சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ஆர்சனிக் இருக்கலாம் என்ற அளவைப்போல் நாலு மடங்கு. ஓடிப்போய் முதல் டிரம்மைத் திறந்து பார்த்தான். மருந்து விளிம்பு வரை அப்படியே நின்றது. மருந்து இறங்குகிற மெல்லிய குழாயில் உப்புக் கட்டி அடைத்திருந்தது. பம்பு மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, டிரம்மை எட்டிக்கூடப் பார்க்காமல் தினமும் படிவத்தில் சரி போட்டது இவன் கைதான்.

"நாளன்னைக்கு முறைப்படி நோட்டீஸ் ஒட்டிடலாம். அதுவரைக்கும் மூச்சு விடாதே, நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்" என்றார் மேற்பார்வையாளர்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டான். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். "நல்லா இருக்கோம்டா" என்றாள். வைத்துவிட்டான். அந்த ஒரு ராத்திரியும் அவர்கள் குடித்த தண்ணீருக்குப் பம்பின் மேல்கூடப் பழி போட முடியாது. முழுக்க அவன் கணக்கு.

விடிந்ததும் விடியாததுமாகப் போய் நின்றான். ஏழு மாத வயிற்றைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா மகள், "என்ன மாமா, இவ்ளோ காலைல?" என்று சிரித்துக்கொண்டே டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"குடிக்காதே!" தட்டிவிட்டான். டம்ளர் உருண்டது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அடைத்த குழாயை, பார்க்காமல் போட்ட சரியை, நேற்றே தெரிந்தும் சொல்லாததை. அக்கா மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, குழந்தைக்கு?"

"தெரியலம்மா. டாக்டர்தான் சொல்லணும். உடனே போயிடலாம், வண்டி கொண்டாந்திருக்கேன்."

"நீ கூட்டிட்டுப் போக வேணாம்" என்றாள் அக்கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மகளின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைத் தேடி எடுத்துப் பையில் வைத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"இந்தத் தெரு பூரா குடிக்குதுடா. நான்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாளைக்குக் கம்பெனியே நோட்டீஸ் ஒட்டிடும்க்கா..."

"நோட்டீஸப் பாத்துட்டா கிணத்துல வாளிய விட்டாங்க? கம்பெனி சொல்லுதுன்னா ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க. என் தம்பி சொன்னான்னு சொன்னேன். போ. இப்பவே போய் நீயே சொல்லு."

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான். இடுப்பில் பிள்ளையோடு அந்த வீட்டுக்காரி வந்தாள். போன மாதம் அவனைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டவள்.

"அட, வாங்க தம்பி! உள்ள வாங்க. உங்க புண்ணியத்துல இந்த லாரிக்காரன் மூஞ்சில முழிக்கிற வேலை விட்டுச்சு."

"அக்கா... அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. நான்... நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் அழுதுவிட்டான். இன்னும் ஆறு வீடு இருந்தது.