செவ்வாய்க்குப் போனால் யார் வந்து கூட்டிப் போவார்?

நேற்று செவ்வாய்க் கிரகத்துக்கு எனக்குச் சீட்டுத் தந்தார்கள். நான் வாங்கவில்லை!

(சிரிக்காதீர்கள். விற்றது என் சொந்த மகள்.)

தாரணி கணக்கியல் படித்துவிட்டு, நல்ல வேலையை விட்டு நடிக்கப் போனவள். நேற்று அவளுக்கு முதல் மேடை. இப்போது நாங்கள் இருக்கிற குரொய்டன் பக்கம், ஒரு பப்பின் மேல்மாடியில்.

ஆயிரம் பேர் திரண்டிருந்தார்கள்! (சரி, கதிரை அவ்வளவு இல்லை.)

வாசலிலேயே என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, ப்ளீஸ். உள்ளுக்க வாய் திறக்கக்கூடாது. இண்டைக்கு ஏதும் பிழையாப் போனா நான் திரும்ப ஒஃபீசுக்குத்தான்."

"நான் எப்ப பிள்ளை கதைச்சனான்?"

என் மனைவி இருமினார்.

கதை இதுதான். பூமி கொதிக்கிறது, கடல் ஊருக்குள் வருகிறது. ஒரு கம்பனி செவ்வாய்க்கு ரொக்கெட்டில் இடம் விற்கிறது. ரொக்கெட் தளம் கட்டப் பார்ப்பதோ கனடாவின் ஆதிக்குடி மக்களுடைய காட்டில். இளசுகள் மரங்களோடு தங்களைச் சங்கிலியால் கட்டி மறிக்கிறார்கள்.

நாடகத்தை எழுதிய பெண்ணே அந்த மக்களில் ஒருவர். மேடை நடுவில் ஒரு கல்லில் உட்கார்ந்து, "நாங்கள் எங்கேயும் போகவில்லை" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. ஊரில் சண்டை வந்தபோது நாங்கள் கனடா, கனடா என்று அந்தரப்பட்டது இவர்களுடைய காணிக்குத்தானே! அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அப்போது தாரணி வெள்ளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சீட்டுக் கட்டோடு சபைக்குள் இறங்கினாள். "யார் வருகிறீர்கள்?" எல்லாரும் கை உயர்த்தினார்கள்.

நான் கையைத் தொடைக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தேன். நேராக என்னிடமே வந்தாள்!

"சேர், நீங்கள் வரேல்லையோ?"

(அவள் கேட்டது இங்கிலீஷில். நான் அதில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது உங்களுக்குத் தெரியும்.)

பேசாமல்தான் இருக்க நினைத்தேன். ஆனால் வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்புகிறேன் என்று ஒருவர் வந்தால், எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறதே! நானும் இங்கிலீஷிலேயே கேட்டேன்.

"போய் இறங்கினா, அங்க ஆர் வந்து கூட்டிக்கொண்டு போவினம்?"

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தாரணி அப்படியே நின்றாள்.

மனைவி கிள்ளிய இடம் இன்னும் நோகிறது. பிள்ளையின் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு தாரணி மெல்லச் சிரித்தாள். என் தோளில் கையைப் போட்டு, மற்றக் கையை நீட்டினாள். தமிழில் சொன்னாள்!

"அதெல்லாம் இறங்கினாப் பிறகு சொல்லுவம் அண்ணை. இப்ப பாஸ்போட்டைத் தாங்கோ."

கனடா என்று ஏற்றி, ஜேர்மனியில் என்னை இறக்கிவிட்ட ஏஜென்சிக்காரன் கொழும்பில் சொன்ன அதே வசனம்!

எத்தனை பிறந்தநாள் வீட்டில் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். அவள் எப்போதும் காதில் எதையோ செருகிக்கொண்டுதான் இருப்பாள். கேட்கவே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

அதையே அவள் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னதும், சபை சிரித்த சிரிப்பில் கூரை ஆடியது. கல்லில் இருந்த பெண்ணும் சிரித்துவிட்டார்.

நாடகம் முடிந்ததும் தாரணி ஓடிவந்தாள்.

"நாளைக்கும் அதே கதிரையில வந்து இருங்கோ அப்பா. டிரெக்டர் கேக்கிறா. நான் அந்த ஏஜென்சிக்காரன் மாதிரி மீசை கீறிக்கொண்டு வரப்போறன். ஆனா ஒருக்கா மீசை எண்டுறியள், ஒருக்கா கிளீன் ஷேவ் எண்டுறியள். எது உண்மை?"

"மீசைதான்!"

"எனக்குத் தாடி எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றார் மனைவி.

கனடா என்று ஏறி ஜேர்மனியில் இறங்கிய நண்பர்களே, அந்த மனிதனுக்கு மீசை இருந்ததா, இல்லையா? பிள்ளை மேடை ஏறுவதற்கு முன் யாராவது சொல்லுங்கள்!