பெல்ட்டு நிக்கக் கூடாது

ஒரு கோல் பின்தங்கிய அணி பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது, காலிலேயே வைத்துக்கொண்டு ஓட வேண்டும். இதை இன்றைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே எனக்கு இது விளங்கிவிட்டது.

நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்கும் பக்கத்து பிளாக்குக்கும் நடுவே ஒரே மைதானம். பெண்கள் அணிகள் மோதுவது, ஜெயிக்கிற பிளாக்குக்கு விடுமுறை முழுக்க மாலை நேரம் சொந்தம் என்று பேச்சு. தோற்றால் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் சந்துதான்.

எங்கள் பயிற்சியாளர் மாமா, அம்மாவின் தம்பி. சுரங்கத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. இதோ பெர்மனென்ட் ஆகிவிடும் என்று பல வருடமாக எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பெர்மனென்ட்டான அப்பாவோ, திருப்பூரில் வேலை இருக்கிறது, போய்ப் பிழைத்துக்கொள் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்துவிடுவார்.

ஆட்டம் பாதிக்கு மேல் போயும் ஒரு கோல் பின்னால்தான் இருந்தோம். அப்பா கோட்டோரம் வந்து மாமாவிடம் கத்தினார்: "தூக்கி அடிக்கச் சொல்லு மாப்ள. இதே ஓட்டத்த ஓடிக்கிட்டிருந்தா விடிஞ்சாப்லதான்."

மாமா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினார். "பெல்ட்டு நிக்காம ஓடினாதாங்க கரி போய்ச் சேரும். பாதியில வுட்டுட்டு எங்க போறது?" பிறகு என் பக்கம் திரும்பி, "காலுலயே வச்சிகினு ஓடு பாப்பா" என்றார்.

ஓடினேன். பந்தைப் பறிகொடுத்தேன், மறுபடி ஓடினேன். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் எதிரணிக்கு மூச்சு வாங்கியது. ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றே விட்டாள். அவள் விட்ட வழியில் புகுந்து கோல் போட்டேன். ஆட்டம் சமன். மைதானம் ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களுக்கு என்று முடிவானது.

எல்லோரும் என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அப்பா மட்டும் என்னைத் தாண்டி மாமாவிடம் போனார். அவர் தோளில் கை போட்டு, "சரி மாப்ள. நீ இங்கயே ஓடு" என்றார். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நாக்குத் தள்ள ஓடியது நான். ஒரு தடவைகூடப் பந்தைத் தொடாத மாமாவைப் பார்த்து ஓடு என்கிறாரே, அப்பாவுக்கு ஆட்டமே புரியவில்லை என்று வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டே வந்தேன்.