உப்புப் பிரட்டிய நாவல்பழ வைன்

1. பொங்காத டேங்க்

இரண்டாம் டேங்க் பொங்கவில்லை. முதலாம் டேங்கில் நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்க, பக்கத்தில் இது செத்த குளம் போலக் கிடந்தது. ஈஸ்ட் பழசோ என்று புதுப் பக்கற் உடைத்துப் போட்டேன். வெக்கை கூடிவிட்டதோ என்று சாக்கை நனைத்துச் சுற்றினேன். ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் சீனி இறங்கிய பாடில்லை. கடைசியில் எரிச்சலில் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தேன். உப்பு! ரசத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டால் எப்படியிருக்கும், அப்படி.

கப்பல்துறையில் இருக்கும் சின்ன வைன் ஆலை எங்களுடையது. மதுவரி அனுமதி எடுத்து, முறைப்படி நடக்கிறது. கொழும்பில் ஒரு மதுபான ஆலையின் ஆய்வுகூடத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு இங்கே வைன் மேக்கராக வந்தவன் நான். நிலாவெளியில் ஒரு ஹோட்டல், ‘திருகோணமலைக்கென்று ஒரு சிவப்பு வைன் வேணும்’ என்று இரண்டு டேங்குக்கும் ஓடர் தந்திருந்தது. ஒன்று கெட்டாலும் ஓடர் இல்லை. ஓடர் போனால் ஆலையைப் பூட்டுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

2. முதலாளிக்குப் பிரான்ஸ் வேண்டும்

நாவல்பழத்தில் வைன் செய்வது திராட்சையில் செய்வது போல அல்ல. பழத்தில் சீனி குறைவு, நாங்கள்தான் சேர்க்கவேண்டும். கொட்டை நசிந்தால் கசப்பு இறங்கிவிடும், ஆகவே மெஷினில் போட்டு அரைக்க ஏலாது, மிதமாகப் பிசைய வேண்டும். நிறம் கேட்காமலே வரும், கத்தரிப்பூவும் இரத்தமும் கலந்தது போல. ஆனால் துவர்ப்பு இருக்கிறதே, அது சும்மா போகாது. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால்தான் கொஞ்சம் பணியும்.

முதல் வருட வைனைக் குடித்த முதலாளி முகத்தைச் சுளித்தார்.

“என்ன சிவா இது, நாக்கைப் பிடிச்சு இழுக்குது! பிரான்ஸ் வைன் மாதிரி வழுவழுப்பா வரவேணும்.”

“ஐயா, துவர்ப்பை எடுத்தால் பிறகு இது நாவல் வைன் இல்லை. கலர் தண்ணி.”

“அப்ப இன்னும் கொஞ்சம் சீனி போடும்.”

போட்டேன். இருமலுக்குக் குடிக்கும் பாணி மருந்து போல வந்தது. அதையும் அவரே குடித்துப் பார்த்து, என்னையே ஏசினார். அடுத்த வருடம் அவருக்குச் சொல்லாமல் சீனியைக் குறைத்து, துவர்ப்பை விட்டுவைத்தேன். ஹோட்டல்காரர் ஓடர் தந்தது அந்த வைனுக்குத்தான். “நான் சொன்ன மாதிரியே செய்தீர், பாத்தீரே!” என்றார் முதலாளி. இந்த மனுசனோடு என்ன கதைப்பது?

3. நல்ல ருசி

உப்பு எங்கிருந்து வந்தது? பழம் இறக்குவதைப் பார்ப்பவர் முதலாளியின் மச்சான். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஓம், கடைசியா வந்த பழம் உப்புப் பிரட்டித்தான் வந்தது,” என்றார், வெகு சாதாரணமாக. “நானும் ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டனான். நல்ல ருசி!”

“எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதோ?”

“நாவல்பழமெண்டால் உப்புப் போடுறதுதானே அண்ணை? இதிலை சொல்ல என்ன இருக்கு?”

தலையில் அடித்துக்கொண்டு வான் வண்டியை எடுத்தேன். கிண்ணியா, மூதூர் தாண்டி, பழம் வரும் ஈச்சிலம்பற்று வரை அவரை மனதுக்குள் ஏசிக்கொண்டே போனேன்.

4. புஷ்பம்

காட்டோரத்தில் எங்களுக்குப் பழம் பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி புஷ்பம். ஒரு மரநிழலில் எல்லோரும் இருந்து நல்ல பழம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“தங்கச்சி, பழத்துக்கு ஆர் உப்புப் போட்டது?”

“நாங்கள்தான். ஏன் அண்ணை, போட்டது காணாதோ?”

“காணாதோவோ! ஒரு டேங்க் நாசமாப் போச்சு!”

அவள் முகம் வாடிவிட்டது. “சின்னப் பிள்ளையள் குடிக்கிற சர்பத்துக்கு எண்டுதானே உங்கடை முதலாளி போன கிழமை சொன்னவர்? உப்பில்லாட்டிப் பிள்ளையளுக்குத் தொண்டை கட்டுமெண்டு, பாத்துப் பாத்துப் பிரட்டினனாங்கள்.”

என் கோபம் அப்படியே முதலாளி பக்கம் திரும்பியது. உண்மையைச் சொல்லிப் பழம் எடுப்போம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். “பொம்பிளையளுக்கு உதெல்லாம் என்னத்துக்கு?” என்று வாயை அடைத்தவர் அவர்.

“தங்கச்சி, சர்பத்து இல்லை. வெள்ளைக்காரர் தங்கிற ஹோட்டலுக்குப் போற வைன்.”

“சாராயமோ?”

“சாராயமில்லை. சாறு புளிச்சு வாறது. ஆனால் வெறிக்கும்.”

“வெறிச்சால் எல்லாம் ஒண்டுதான்.” புஷ்பம் எழும்பிவிட்டாள். “என்ரை மனுசன் குடிச்சே போய்ச் சேர்ந்தவர். இப்ப என்ரை கையாலையே அதுக்குப் பழம் பொறுக்கித் தந்திருக்கிறன், என்ன?”

சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மற்றப் பெண்கள் ஓலைக் கடகங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். மரத்தில் பழம் இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் இருக்கும்.

போனில் முதலாளி, “வேறை ஆக்களைப் பிடியும்,” என்றார்.

“ஆரைப் பிடிக்கிறது? நீங்கள் சொன்ன பொய்க்கு நீங்கள்தான் வந்து முகம் குடுக்கவேணும். வராட்டி இண்டைக்கே ஆலையைப் பூட்டுங்கோ.”

மறுநாள் வந்தார், மடிப்புக் கலையாத சேர்ட்டோடு. தன் வீட்டு வாசலில் நிற்கவைத்தே புஷ்பம் கேட்டாள்.

“வெள்ளைக்காரர் குடிச்சால் அது அவையின்ரை பாடு. எங்கடை ஊர்க் கடையளிலையோ டவுனிலையோ இந்தப் போத்திலை விக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ. ஒரு போத்தில் கண்டாலும் பிறகு ஒரு பழம் வராது.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். “சரி, விக்கமாட்டன்,” என்றார்.

பழம் வந்தது. உப்பு டேங்கை மதுவரி அதிகாரியின் முன்னால் கொட்டிக் கழுவி, புதிதாகப் போட்டோம். கொட்டும்போது மச்சான், “ருசியாத்தானே இருந்தது,” என்றார். அவரை அடிக்காமல் விட்டதை இன்றும் பெருமையாக நினைக்கிறேன்.

5. சின்னப் போத்தல்

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பிரிக்ஸ் என்ற சீனி அளவு, அசிட் எல்லாம் பிறகு படிக்கலாம். பழம் தருகிறவருக்கு அது எதற்கென்று முதலில் சொல்லுங்கள். மறைத்து வாங்கிய பழம் எப்படியும் உங்களைக் கெடுக்கும்.

ஹோட்டலில் எங்கள் வைன் நன்றாகப் போகத் தொடங்கியதும், முதலாளி ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“டவுன் கடையளிலை மட்டும் போடுவம் சிவா. ஈச்சிலம்பற்றிலை இருந்து அவையள் வந்து பாக்கவோ போகினம்?”

“போட்டால் நானே போன் எடுத்துப் புஷ்பத்துக்குச் சொல்லுவன்.”

“என்னப்பா, ஒரு பொம்பிளைக்கு இவ்வளவு பயமோ?”

“ஓம் ஐயா, பயம்தான். அந்த மனுசி திரும்பவும் அழுதால் என்னாலை பாக்க ஏலாது.”