மெஷினுக்கு இரண்டு பூஜை

இந்தச் செப்டம்பரில் ஒரு காலை, ஜாதவ்பூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்தால், டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் எங்கள் மெஷின்மேல் சாமந்தி மாலை கிடந்தது. முன்னால் பழத்தட்டு, ஊதுபத்தி. அதன் நெற்றியில் ஈரம் காயாத சிந்தூரத்தில் ஒரு ஸ்வஸ்திகம். பொத்தானை நோக்கிப் போன என் கையை எங்கள் மூத்த டெக்னீஷியன் மிதாலி தீதி பிடித்துக்கொண்டார். "ஆஜ் மெஷினே ஹாத் தேபே நா." இன்று மெஷினில் கை வைக்கக் கூடாதாம். விஸ்வகர்மா பூஜை. எங்கள் கோயம்புத்தூர்க் காலண்டரில் அது வெறும் வேலை நாள். இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, அதனால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. மெஷினுக்குத் தேவையான ரசாயனங்கள் உறைந்த நிலையில் ஒரு பெட்டியில் வரும். கிட் என்போம். அதில் புது வெர்ஷன் வந்திருந்தது; மாதிரிக்கு ஒன்றே ஒன்று கொடுத்திருந்தார்கள். ஒரே டி.என்.ஏ.வைப் பழைய கிட்டிலும் புதியதிலும் ஓட்டி, எது அதிகம் படிக்கிறது, எதில் பிழை குறைவு என்று நான் ஒப்பிட்டுச் சொல்லவேண்டும். ஒப்பந்த ஊழியை நான். இதை நன்றாக முடித்தால் நிரந்தரம் செய்வதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். பழைய கிட் அழகாக ஓடி முடிந்திருந்தது. புதியதை முந்தைய மாலையே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உருகுவதற்காக ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். சரி, ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் கெட்டுவிடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எல்லோருடனும் மொட்டைமாடியில் கிச்சுடி சாப்பிட்டுப் பட்டங்களை வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் ஓட்டினேன். புது கிட் பழையதில் பாதிகூடப் படிக்கவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது தீதி தேநீரோடு வந்து சாவகாசமாகச் சொன்னார்: பூஜை காலையில் அந்தக் கிட்டைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தாராம், மாலையில் மறுபடி உருக எடுத்து வைத்தாராம். வருடாவருடம் அப்படித்தானாம். பழைய கிட் அதைத் தாங்கும். புதியதை ஒருமுறை உருக்கினால் மறுபடி உறையவைக்கக் கூடாது என்று பெட்டியின்மேலேயே போட்டிருந்தது.

நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதி, இந்த ஒப்பீடு செல்லாது, இன்னொரு கிட் வாங்கி ஓட்டவேண்டும் என்றேன். இயக்குநர் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, "புஜோகே கேனோ டான்ச்சோ?" என்றார். பூஜையை ஏன் இழுக்கிறாயாம். புது கிட் மோசம் என்று என் பெயரில் அறிக்கை போனது. மற்ற ஊர்களில் அதே கிட் பிரமாதமாக ஓடுவதைக் கிட் கம்பெனிக்காரர் வந்து காட்டியதும், "சவுத்திலிருந்து வந்த பெண், இன்னும் கை பழகவில்லை" என்று இயக்குநர் என்னைக் கைகாட்டிவிட்டார். நிரந்தரப் பேச்சு அதோடு போயிற்று. அங்கேதான் நின்றிருந்த தீதி, சாயங்காலம் எனக்கு ஒரு சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

துர்கா பூஜைக்கு எல்லோரும் விடுமுறையில் போனார்கள். அவசர சாம்பிள்களை யார் ஓட்டுவது என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது. "தோமார் தோ புஜோ நேய்." உனக்குத்தான் பூஜை இல்லையே என்று சிரித்தார்கள். நவமியன்று, அதாவது நம் ஆயுத பூஜையன்று, நான் தங்கியிருக்கும் டாலிகஞ்சிலிருந்து பூஜைப் பந்தல் கூட்டத்தில் இடிபட்டு வந்து, பழைய கிட்டைப் போட்டு மெஷினை ஓடவிட்டேன். கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையில் அன்று எந்தச் சக்கரமும் சுற்றாது. சந்தனம் வைத்து, பொரிகடலை படைத்து, மறுநாள்தான் சுவிட்சைத் தொடுவார். மதியம் கூப்பிட்டார்.

"கண்ணு, மிஷினுக்குப் பொட்டு வெச்சியா? இன்னைக்கு ஓட்டீராதே."

"இல்லீங்கப்பா, லீவுதான்."

"அப்புறம் என்ன கண்ணு சத்தம்?"

"ஏசிங்கப்பா."

போனை வைத்துவிட்டு, கைப்பையில் கிடந்த குங்குமத்தை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த மெஷினில் அவர்கள் வரைந்த ஸ்வஸ்திகத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தேன். விடுமுறை முடிந்து வருபவர்கள், ரிசல்ட் சற்றுக் குறைந்தாலும் அந்தப் பொட்டைத்தான் காரணமாகக் காட்டுவார்கள். ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூவால் அதை நானே துடைத்தேன். அவர்களுடைய சிந்தூரம் கலையாமல் பார்த்துத் துடைத்தேன்.